டுரியான் வாங்கும்போது எங்கே ஏமாறுகிறோம்?

மலேசியத் தோட்டங்களில் டுரியான் என்ற முள்தோல் பழத்தைப் பொதுவாகப் பறிப்பதில்லை. பழுத்துத் தானாக விழும்வரை விட்டு, மரத்தடியில் கட்டிய வலையில் பிடிப்பார்கள். விழுந்த அன்றோ மறுநாளோ சாப்பிட்டால்தான் முழு ருசி. தாய்லாந்தின் மோந்தோங் ரகம் வேறு மாதிரி: முற்றிய காயாகவே வெட்டுவதால் சில நாள் வீட்டில் வைத்துப் பழுக்கவிடலாம். அதே நினைப்பில் மலேசிய ரகமான மூசாங் கிங்கையும் நாலு நாள் கூடத்தில் போட்டு வைத்தால் தோல் வெடித்து, சுளை புளித்துக் குழைந்துவிடும். நிறைய பணம் இப்படித்தான் வீணாகிறது.

ஆகவே முதலில் காம்பைப் பாருங்கள். காம்பு நுனி ஈரமாக இருந்தால் புதிது. காய்ந்து சுருங்கியிருந்தால் பழையது. ஆனால் காம்பை மறுபடி நறுக்கிப் புதிதுபோலக் காட்டவும் முடியும் என்பதால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. காதருகே வைத்து லேசாகக் குலுக்குங்கள். உள்ளே மெல்ல அசைந்தால் சுளை தோலைவிட்டுப் பிரிந்து பக்குவமாகியிருக்கிறது. அசைவே இல்லையென்றால் காயாக இருக்கலாம். தளதளவென்று ஆடினால் பழுத்துக் கடந்துவிட்டது. முள்ளிடுக்கில் சிறு துளை இருந்தால் உள்ளே புழு. ஏற்கெனவே வெடித்த பழத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

பெரிய பழம் என்றால் நிறைய சுளை என்பதும் தப்புக் கணக்கு. எடையில் பெரும்பங்கு தோலும் கொட்டையும்தான். 2 கிலோ பழத்தில் 600 கிராம் சுளை கிடைத்தாலே நல்ல பழம். விலையைக் கேட்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடையிலேயே திறக்கச் சொல்லி, ஒரு சுளையைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். கெட்டிருந்தால் மாற்றித் தரும் கடைகள் உண்டு. மாற்றித் தருவார்களா என்ற பேச்சைப் பழத்தை எடைபோடும் முன்பே முடித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் திறப்பவர்கள் கத்தியால் குறுக்கே வெட்டிச் சுளையைச் சிதைத்துவிடுகிறார்கள். பழத்தின் அடியில், காம்புக்கு எதிர்ப்புறம், நட்சத்திரம்போல் கோடுகள் கூடும் இடம் இருக்கிறது. தடித்த துணியால் பழத்தைப் பிடித்து, கத்தி நுனியை அங்கே சிறிது செருகித் திருகினால் கோட்டு வழியே பிளக்கும். மீந்த சுளையைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். சும்மா வைத்தால் பாலுக்கும் வெண்ணெய்க்கும் வாடை ஏறிவிடும். புளிக்கத் தொடங்கியதை உப்பிட்டுத் தெம்போயாக் என்ற புளித்த டுரியான் விழுதாக ஆக்கலாம். பஹாங் மாநிலத்தில் பாத்தின் மீன் குழம்புக்கு உயிர் அதுதான்.

மதுவோடு டுரியான் வேண்டாம். டுரியானில் உள்ள கந்தகச் சேர்மங்கள், மதுவிலிருந்து உண்டாகும் நச்சை முறிக்கும் நொதியைத் தடுப்பதாக 2009இல் வெளியான ஜப்பானிய ஆய்வகச் சோதனை காட்டியது. 100 கிராமில் சுமார் 430 மில்லிகிராம் பொட்டாசியம் இருப்பதால் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு சுளையே கணக்கில் வரும்.

தமிழ்நாட்டில் பர்லியார், குற்றாலம் பக்கம் டுரியானைப் பிள்ளை வரம் தரும் பழமென்று தேடி வாங்குகிறார்கள். அதற்கு மருத்துவச் சான்று இல்லை. அந்த நம்பிக்கையில் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.