பயணக் கேமராவுக்கு வைட் பிரைம் லென்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வாரங்களுக்கு முன் ஒரு நீண்ட நடைப்பயணத்தில் இரண்டு பேர் என்னோடு வந்தார்கள். இருவருமே புதிதாக வைட் பிரைம், அதாவது ஜூம் செய்ய முடியாத அகலக் கோண லென்ஸ், வாங்கியவர்கள். கழுத்தில் சின்ன மிரர்லெஸ் கேமரா, அதன் முன்னால் கேமராவையே மறைக்கும் அளவுக்கு ஒரு லென்ஸ். முதல் நாள் மதியத்துக்குள் ஒருவர் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டார். மறுநாள் மற்றவரும் வைத்துவிட்டார். அப்புறம் இருவரும் போனில்தான் படம் எடுத்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆறு வருடங்களுக்கு முன் நான் செய்ததும் அச்சு அசலாக இதேதான்.

மவுண்ட் (லென்ஸைக் கேமராவில் மாட்டும் வளையம்) பொருந்துமா, ஆட்டோ ஃபோகஸ் இருக்கிறதா என்பதையெல்லாம் வாங்கும் எவரும் பார்த்துவிடுவார்கள். அதில் நேரம் செலவிடப் போவதில்லை. ஒரே ஒரு கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஃபுல் ஃபிரேம், ஏபிஎஸ்-சி, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்பவை சென்சாரின் அளவுகள், பெரியதிலிருந்து சிறியது வரை. மில்லிமீட்டர் குறையக் குறையக் காட்சி அகலும். ஃபுல் ஃபிரேமோடு ஒப்பிட, லென்ஸில் எழுதியிருக்கும் மில்லிமீட்டரை ஏபிஎஸ்-சி கேமராவில் 1.5 ஆலும், கேனானின் ஏபிஎஸ்-சி என்றால் 1.6 ஆலும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2 ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஃபுல் ஃபிரேமில் 24 மி.மீ. தரும் காட்சிதான் ஏபிஎஸ்-சியில் 16, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 12.

எஃப் எண்ணைப் பார்த்து வாங்குவது

எஃப் எண் என்பது லென்ஸின் துளை (அபெர்ச்சர்) எவ்வளவு திறக்கும் என்று சொல்வது. எண் சிறியதென்றால் துளை பெரிது. என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். நான் செய்ததால் மட்டுமல்ல, வாங்கப் போகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரையே இதுவாக இருப்பதால்தான். "எஃப்/1.4 வாங்கு, இருட்டிலும் எடுக்கலாம், பின்னால் மங்கலாகவும் வரும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் நம்பினேன். கையடக்கமான ஏபிஎஸ்-சி கேமராவுக்கு எஃப்/1.4 வைட் லென்ஸ் ஒன்றை வாங்கினேன். எடை 400 கிராமுக்கும் மேல். பெயர் வேண்டாம், லென்ஸில் ஒரு குறையும் இல்லை. அருமையான லென்ஸ். தப்பு என் தேர்வில்.

அந்தக் கேமராவை நான் வாங்கியதே ஜாக்கெட் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம் என்றுதான். லென்ஸை மாட்டியதும் பாக்கெட் என்ற பேச்சே போயிற்று. கழுத்தில் தொங்கினால் மூக்கு கீழ்நோக்கிக் கவிழ்ந்து வயிற்றில் இடித்துக்கொண்டே வரும். ஆகவே பை. பை என்றால் ஜிப்பைத் திறந்து, எடுத்து, மூடியைக் கழற்றுவது. அதற்குள் எதிரே வந்தவர் போய்விடுவார்.

இரண்டு வாரப் பயணம் அது. ஐந்தாம் நாள் விடியற்காலையில் சும்மா ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வரலாம் என்று கேமராவை அறையிலேயே விட்டுக் கிளம்பினேன். நாலு நாள் சுமந்த தோள் வலி. கரையில் நிற்கும்போது மூடுபனி விலகத் தொடங்கியது. அதற்குள்ளிருந்து ஒரு படகு வந்தது. துடுப்பை ஊன்றிப் படகோட்டி நின்றுகொண்டிருந்தார், வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. போனில் எடுத்தேன். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கொஞ்சம் பெரிதாக்கினாலே படகோட்டியின் முகம் கரைந்துவிடுகிறது.

ஊர் திரும்பியதும் அந்த லென்ஸில் எடுத்த படங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் பதிவாகியிருந்த அபெர்ச்சரைப் பார்த்தேன். பெரும்பாலானவை எஃப்/4-க்கும் எஃப்/8-க்கும் இடையில். எஃப்/2-ஐ விடத் திறந்து எடுத்தவை என் இரண்டு கைகளின் விரல்களுக்குள் அடங்கிவிட்டன. அவற்றிலும் பாதி, "வாங்கியாயிற்றே" என்பதற்காக வலிந்து எடுத்தவை.

ஏன் இப்படி ஆகிறது என்று பார்க்கலாம். எஃப்/2.8-ஐ விட எஃப்/1.4 இரண்டு ஸ்டாப் கூடுதல், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம். நல்ல லாபம்தான். ஆனால் அதே ஷட்டர் வேகத்தில் ஐஎஸ்ஓவை (சென்சாரின் உணர்திறனை) 1600-க்குப் பதில் 6400 வைத்தால் எஃப்/2.8-இலும் அதே அளவு வெளிச்சமான படம் கிடைத்துவிடும். இன்றைய சென்சார்களில் 6400 பயப்பட வேண்டிய எண் அல்ல. எதிரே அசையாத கட்டடமோ தெருவோ இருந்து, கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷனும் கேமராவுக்குள்ளேயே இருந்தால் ஐஎஸ்ஓவைக்கூட ஏற்ற வேண்டாம். வைட் லென்ஸில் கை நடுக்கம் குறைவாகவே தெரியும். நிதானமாக நின்றால் 1/8 நொடியில் கையிலேயே எடுக்கலாம்.

பின்னணி மங்கல் விஷயம் இதைவிட மோசம். ஏபிஎஸ்-சி கேமராவில் 16 மி.மீ. லென்ஸ், இரண்டு மீட்டர் தள்ளி ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எஃப்/1.4-இல் ஏறக்குறைய 1.6 மீட்டரிலிருந்து 2.6 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். பின்னாலிருக்கும் கோபுரம் பூப்போலக் கரைந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. வைட் லென்ஸ் அப்படிக் கரைக்காது. கோபுரம் என்று தெரியும், ஆனால் கூர்மை இருக்காது. பார்ப்பவருக்கு ஃபோகஸ் தப்பிய படம் போலத்தான் படும். பயணத்தில் நமக்கு அந்த ஆளும் வேண்டும், அவர் நிற்கும் இடமும் வேண்டும். அதனால் நாமே எஃப்/5.6, எஃப்/8 என்று மூடிவிடுவோம். எஃப்/8-இல் அதே லென்ஸை 1.6 மீட்டரில் ஃபோகஸ் செய்து வைத்தால், சுமார் 80 சென்டிமீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவு. திறக்கப் போவதே இல்லாத கண்ணாடியை மலையேறும்போது சுமக்கிறோம்.

எடை வித்தியாசத்தை ஒரே நிறுவனத்தின் லென்ஸ்களிலேயே பார்க்கலாம். ஃபியூஜிஃபிலிமின் எக்ஸ்எஃப் 16 மி.மீ. எஃப்/1.4, 2015-இல் வந்தது, 375 கிராம். அதே 16 மி.மீ. எஃப்/2.8, 2019-இல் வந்தது, 155 கிராம். சோனியின் 24 மி.மீ. எஃப்/1.4 ஜிஎம் 445 கிராம், 24 மி.மீ. எஃப்/2.8 ஜி 162 கிராம். பெரிய லென்ஸ் சிறியதைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். நீளமும் பருமனும் கூடவே ஏறும்.

பெரிய துளை யாருக்கு உண்மையிலேயே வேண்டும்? பால்வீதியை எடுக்கப் போகிறவருக்கு வேண்டும். பூமி சுழல்வதால் 24 மி.மீ.-இல் 20 நொடிக்கு மேல் போனால் நட்சத்திரங்கள் கோடாகத் தொடங்கிவிடும், அதற்குள் கிடைக்கும் வெளிச்சத்தையெல்லாம் அள்ள வேண்டும். மங்கிய அறையில் ஆடுபவர்களை, ஓடும் குழந்தைகளை எடுப்பவருக்கும் வேண்டும். அசையும் ஆட்களை ஸ்டெபிலைசேஷன் நிறுத்தி வைக்காது, வேகமான ஷட்டர்தான் வழி. உங்கள் பயணம் அப்படிப்பட்டது என்றால் வாங்குங்கள், சுமந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் எஃப்/2.8 போதும். எஃப்/2 கிடைத்து, அதுவும் சிறியதாக இருந்தால் இன்னும் நல்லது.

என் எஃப்/1.4 லென்ஸை ஒரு வருடம் கழித்து விற்றேன். போட்ட பணத்தில் நல்ல பங்கு போயிற்று. அந்தப் படகோட்டியின் படம் சரியாகக் கிடைக்காமல் போனதுதான் எனக்குப் பெரிய நஷ்டம்.

தேவைக்கு மேல் அகலமாகப் போவது

"எல்லாம் ஒரே ஃபிரேமில் அடங்கணும்" என்று ஃபுல் ஃபிரேம் கணக்கில் 20 மி.மீ., 18 மி.மீ. பக்கம் போகிறவர்கள் உண்டு. அடங்கும், ஆனால் சிறுத்து அடங்கும். கண்ணை நிறைத்த மலை படத்தில் மண்மேடாகத் தெரியும். வைட் லென்ஸ் தூரத்துப் பொருளைச் சின்னதாக்கும், கிட்டத்துப் பொருளைப் பெரிதாக்கும். ஆகவே அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர் முன்னால் நகர்ந்து, ஒரு கல்லையோ கதவையோ கையையோ பக்கத்தில் வைத்துத்தான் எடுப்பார். ஓரத்தில் நிற்பவர்களின் முகம் இழுபட்டு அகலமாவதும் லென்ஸின் குறை அல்ல. அது வடிவக் கணக்கு, எந்த விலையுயர்ந்த லென்ஸிலும் நடக்கும். குடும்பப் படம் எடுக்கும்போது யாரையும் மூலையில் நிறுத்தாதீர்கள்.

இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் மதிப்பு அதிகம். மூலைக்கு மூலை அளந்தால் 20 மி.மீ. 94 பாகை, 24 மி.மீ. 84, 28 மி.மீ. 75, 35 மி.மீ. 63. தாளில் நாலு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், தெருவில் நின்றால் ஒரு வீட்டு வாசல் அளவு வித்தியாசம்.

எது நமக்குச் சரி என்று கண்டுபிடிக்க ஒரு செலவும் இல்லை. ஏபிஎஸ்-சி கேமராவோடு வந்த கிட் ஜூம் லென்ஸை 16-லோ 18-லோ 23-லோ வைத்து, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஒரு வாரம் அப்படியே எடுங்கள். அடுத்த வாரம் வேறொரு எண். எந்த வாரத்தில் பின்னால் நகரவும் முன்னால் நகரவும் அதிகம் தவிக்கவில்லையோ அதுதான் உங்கள் லென்ஸ். ஃபுல் ஃபிரேம் கணக்கில் எனக்கு 28 என்று தெரிந்தது, நான் வாங்கியிருந்ததோ 24. இன்னொன்றும் யோசியுங்கள்: பெரும்பாலான போன்களின் முதன்மைக் கேமரா 24-க்கும் 28-க்கும் இடையில்தான் இருக்கிறது. போனில் எடுக்கும்போதெல்லாம் இரண்டடி முன்னால் போகிறீர்கள் என்றால் 35-ஐயும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.

மிகச் சிறியதே மிகச் சிறந்தது என்று முடிவு கட்டுவது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடிவிடக் கூடாது. பேன்கேக் எனப்படும் தட்டையான லென்ஸ் அழகுதான். பானசோனிக்கின் 14 மி.மீ. எஃப்/2.5 வெறும் 55 கிராம், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 28-க்குச் சமம். ஆனால் பேன்கேக் என்று பெயர் எடுத்தவற்றில் பல 40 மி.மீ. பக்கம் இருப்பவை, வைட் அல்ல. இன்னொன்று, இத்தகைய சில லென்ஸ்களில் ஃபோகஸ் செய்ய உள்ளிருக்கும் கண்ணாடித் தொகுப்பு முழுவதும் முன்பின் நகர வேண்டும். அதனால் வேகம் குறையும், மோட்டார் சத்தம் கேட்கும். படம் மட்டும் எடுப்பவருக்கு அது பெரிதல்ல, வீடியோ எடுப்பவருக்குத் தலைவலி. வாங்குமுன் கேமராவில் மாட்டி, மங்கிய வெளிச்சத்தில் கிட்டேயும் தூரத்திலுமாக ஃபோகஸை மாற்றிப் பாருங்கள், காதையும் கொடுங்கள்.

எவ்வளவு கிட்டே போகலாம் என்று பார்க்காதது

வைட் லென்ஸின் சுவையே கிட்டப்போவதில் இருக்கும்போது இதை யாரும் கவனிப்பதில்லை. கேனானின் ஆர்எஃப் 16 மி.மீ. எஃப்/2.8 சென்சாரிலிருந்து 13 சென்டிமீட்டர் வரை கிட்டே ஃபோகஸ் ஆகும். சில லென்ஸ்கள் 30 சென்டிமீட்டரிலேயே நின்றுவிடும். உள்ளங்கையில் இருக்கும் சிப்பியும் பின்னால் கடலும் என்று ஒரு படம் நினைத்திருந்தால், அந்த இடைவெளியில் படமே மாறிப்போகும்.

ரா (RAW, கேமரா பதப்படுத்தாத) கோப்பில் திருத்தத்தை அணைத்துப் பார்த்துப் பயப்படுவது

இன்றைய சிறிய வைட் லென்ஸ்கள் பல, கோடுகளின் வளைவை மென்பொருள் நேராக்கும் என்று கணக்கு வைத்தே வடிவமைக்கப்படுகின்றன. சிறியதாக இருப்பதற்குக் கொடுக்கும் விலை அது. திருத்திய பின் மூலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள், அது போதும்.

வெதர் சீலிங்

தூசியும் மழையும் உள்ளே போகாமல் தடுக்கும் இந்த அடைப்பு கேமராவுக்கு இல்லையென்றால் லென்ஸுக்கு மட்டும் இருந்து பயனில்லை.

இரவில் யூவி ஃபில்டர்

லென்ஸைக் காக்க முன்னால் மாட்டும் இந்தக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். தெருவிளக்குகள் தலைகீழ்ப் பேயாக வானத்தில் தெரிவது பெரும்பாலும் அதனால்தான்.

திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டியபின் சோதிப்பது

கண்ணாடிகள் நேர்கோட்டில் உட்காராத பிரதிகள் எந்த லென்ஸிலும் வரலாம். வைட் லென்ஸில் அது சட்டென்று தெரியும்: ஒரு பக்க மூலை கூர்மை, மறுபக்க மூலை மங்கல். எனக்கு வந்த ஒன்று அப்படித்தான் இருந்தது. பயணம் முழுக்க இடது ஓரத்து மரங்கள் மட்டும் குழம்பித் தெரிய, என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்து புரிந்தபோது திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்திருந்தது.

சோதிக்கப் பத்து நிமிடம் போதும். தூரத்தில் மரக்கூட்டமோ கட்டட வரிசையோ தெரியும் இடத்துக்குப் போங்கள். அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, நடுவில் ஃபோகஸ் செய்து, அதை அப்படியே பூட்டிவிடுங்கள். இப்போது அதே மரத்தை ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுவந்து நான்கு படம் எடுங்கள். நான்கிலும் மரம் ஓரளவு ஒரே மாதிரி இருந்தால் சரி. எல்லா மூலையும் கொஞ்சம் மென்மையாக இருந்தால் அதுவும் பரவாயில்லை, அது வடிவமைப்பு. ஒரு மூலை மட்டும் தனித்து மோசமாக இருந்தால் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து இன்னொரு முறை எடுங்கள். மங்கலும் கேமராவோடு சேர்ந்து எதிர்மூலைக்கு மாறினால் குறை லென்ஸில் இருக்க வாய்ப்பு அதிகம். கேமராவின் மவுண்ட் கோணலாக இருந்தாலும் இப்படித்தான் தெரியும், ஆகவே வேறொரு லென்ஸையும் மாட்டி ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதில் எல்லா மூலையும் சரியாக இருந்தால், பயணப் பையைக் கட்டுவதற்கு முன் புதிய லென்ஸைத் திருப்பிக் கொடுத்து வேறு பிரதி கேளுங்கள்.