பனாமா கால்வாய்: எந்த நேரத்தில் எங்கே நிற்கலாம்?

டர்பனிலிருந்து பனாமா கால்வாய்க் கப்பல் பயணத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு: கால்வாயைக் கடக்கும் அன்று மட்டும் விடியுமுன் எழுந்துவிடுங்கள். அட்லாண்டிக் பக்கமிருந்து போனால் முதலில் கட்டூன் நீர்ப்பூட்டு, அதாவது கப்பலை ஏற்றி இறக்கும் கதவு போட்ட தண்ணீர்த் தொட்டிகள். மூன்று படிகளில் கப்பலைக் கடல் மட்டத்திலிருந்து 26 மீட்டர் மேலே ஏற்றுகிறார்கள். பம்பு கிடையாது, ஏரித்தண்ணீர் தானாக இறங்கி நிரப்புகிறது.

எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடுவார்கள். முதல் படியை அங்கே பாருங்கள். இரண்டாவதற்குக் கீழ்த்தள நடைபாதைக்கு வந்துவிடுங்கள். 1914இல் திறந்த பழைய தொட்டியின் அகலம் 33.5 மீட்டர்தான். பெரிய கப்பலானால் ஈரம் சொட்டும் கான்கிரீட் சுவர் கைக்கு எட்டுகிற மாதிரி நிற்கும். என் அம்மா அதைப் பார்த்து வாயடைத்துப் போனார். கரையில் தண்டவாளத்தில் ஓடும் எஞ்சின்கள் வடம் பிடித்துக் கூடவே வரும். நம்ம ஊர்த் தேர் ஞாபகம் வந்துவிட்டது!

நடுவில் ஏரி, சாப்பாடு, தூக்கம் எல்லாம் அப்போது. பிற்பகல் பசிபிக் பக்கத்து மிராஃபுளோரஸ் தொட்டிகளில் கப்பல் கீழே இறங்கும்போது மறுபடி வெளியே வாருங்கள்.

மார்கழி வெயிலுக்குப் பழகிய நமக்கே அந்தப் புழுக்கம் தாங்காது. தொப்பி, தண்ணீர் பாட்டில், குடை மூன்றும் கையில் இருக்கட்டும். மழை சொல்லாமல் வரும்.