புயலுக்கு முந்தைய நாள் ஜெனரேட்டர்: எங்கே தவறு செய்கிறோம்?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவில் பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. தண்ணீர்த் தொட்டி நிரப்பவும் போனுக்குச் சார்ஜ் ஏற்றவும் ஜெனரேட்டர்தான் கைகொடுத்தது. அந்த அனுபவத்தில் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கிப் போட்ட வீடுகள் உண்டு. ஆனால் வாங்கியதும் படிக்கட்டுக்கு அடியில் தள்ளி, சாக்கு போட்டு மூடியதோடு சரி. துறைமுகத்தில் கூண்டு ஏற்றிய செய்தி வந்த பிறகுதான் சாக்கை விலக்குவார்கள். கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் இன்ஜின் எழாது.

பெரும்பாலும் காரணம் பழைய பெட்ரோல். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது; அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் கிடந்தால் பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசின் போல ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். மாதம் ஒருமுறை கால் மணி நேரம், ஒரு மின்விசிறியையாவது மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஆயிலையும் சமதளத்தில் வைத்துப் பாருங்கள். ஆயில் குறைந்தால் பல மாடல்களில் இன்ஜின் கிளம்பவே கிளம்பாது. அது தெரியாமல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்போம்.

அடுத்தது லோடு. ஒரு எச்.பி. மோட்டார் என்றால் சுமார் 750 வாட் என்று கணக்குப் போட்டு, 2 கே.வி.ஏ. திறனுள்ள ஜெனரேட்டர் போதும் என்று நினைத்துவிடுகிறோம். கிளம்பும் அந்த நொடியில் மோட்டார் பல மடங்கு கரண்ட் கேட்கும். ஃபிரிட்ஜும் அப்படித்தான். மோட்டாரை முதலில் போட்டு, அது சீராக ஓடிய பிறகு மற்றதை ஒவ்வொன்றாகச் சேருங்கள். உங்கள் போர் மோட்டாரை அந்த ஜெனரேட்டர் இழுக்குமா என்பதை வெயில் நாளிலேயே சோதித்துவிடுங்கள்.

இதுவரை சொன்னதில் தவறினால் இருட்டில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். இனி வருவதில் தவறினால் உயிர் போகும்.

இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரை வீட்டு சாக்கெட்டில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுப்பதைச் சிலர் சாமர்த்தியமாக நினைக்கிறார்கள். அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காது. மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்கு ஏறி, டிரான்ஸ்பார்மருக்குள் தலைகீழாகப் போய், மறுபக்கம் பல ஆயிரம் வோல்ட்டாகிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேனுக்கு அது போதும். மெயினை அணைத்துவிட்டுத்தானே செய்கிறேன் என்பார்கள். பதற்றத்தில் ஒரு நாள் மறந்தால்? எலக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள்; அதில் ஈ.பி. அல்லது ஜெனரேட்டர், ஏதாவது ஒன்றுதான் வீட்டுக்குள் வர முடியும். அது இல்லையென்றால் ஜெனரேட்டரிலிருந்து தடிமனான எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து நேராக ஃபிரிட்ஜுக்கும் விளக்குக்கும் கொடுங்கள்.

புகை அதைவிட மோசம், ஏனென்றால் அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மழை பெய்கிறதே என்று வராந்தாவுக்கோ கார் ஷெட்டுக்கோ நகர்த்துவோம். ஜன்னல் திறந்திருந்தாலும் அது போதாது. தலைவலி, குமட்டல் வந்தால் உடனே எல்லோரையும் வெளியே அழைத்துவர வேண்டும். தூங்குகிறவருக்கோ அந்த எச்சரிக்கையும் கிடைக்காது. கதவு, ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி ஜெனரேட்டரை வைத்து, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்த்திருக்க வேண்டும். புயல் காற்று அடிக்கும்போது ஓட்டவே வேண்டாம். அந்த இரவுக்கு டார்ச் போதும்.

பெட்ரோலை முன்கூட்டியே வாங்குங்கள். புயலுக்குப் பிறகு பங்கிலும் கரண்ட் இருக்காது. தண்ணீர் பாட்டிலில் வேண்டாம், இறுக்கமான மூடியுள்ள எரிபொருள் கேனில் வாங்கி, அடுப்படிக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஊற்றும்போது இன்ஜினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு ஊற்றுங்கள்.

நாள் முழுக்க ஓட்டத் தேவையில்லை. திறக்காத ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் தாங்கும். அந்த இடைவெளிக்கு ஒருமுறை கொஞ்ச நேரம் ஓட்டினால் பெட்ரோல் மிஞ்சும். அப்புறம், சத்தம் கேட்டதும் தெருவே போனோடு வந்து நிற்கும். அதற்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.