தோண்டிய எரிவாயுக் குழாயில் விரிசல் தேடுவது எப்படி?

குழாய்மேல் சுற்றியிருக்கும் பாதுகாப்பு டேப் (கோட்டிங்) உரிந்த இடத்தில் ஈரம் புகுந்து, உள்ளிருக்கும் அழுத்தமும் சேர்ந்துகொண்டால் குழாயின் வெளிப்புறம் மயிரிழை மயிரிழையாகப் பிளக்கும். இதுதான் ஸ்ட்ரெஸ் கரோஷன் கிராக்கிங். 1965-ல் லூசியானாவின் நாக்கடிஷ் அருகே இப்படி ஒரு குழாய் வெடித்து 17 பேர் இறந்தார்கள். அழுத்தத்தைக் குறைத்து, கரை சரியாமல் முட்டுக் கொடுத்து, பள்ளத்தில் இறங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

டேப்பைக் கிழித்ததும் துடைக்காதீர்கள். அடியில் நீர் இருந்தால் உடனே பிஹெச் தாளை (அமில, காரத் தன்மையைக் காட்டும் தாள்) வையுங்கள், காற்றுப் பட்டால் அளவு மாறிவிடும். 9-க்கு மேல் காட்டினால் உலோக மணிகளின் (உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்கள்) ஓரமாக ஓடும் விரிசலை எதிர்பார்க்கலாம். 6, 7 பக்கம் என்றால் மணிகளையே குறுக்கே அறுத்துப்போகிற வகை. போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுத்தம் செய்வது. நான் சறுக்கியது இங்கேதான். மோட்டார் கம்பி பிரஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி பளபளக்கத் தேய்த்தேன், காந்தம் வைத்து இரும்புத்தூள் கலந்த கறுப்பு மை தெளித்தேன் (விரிசல் இருந்தால் தூள் அங்கே கூடிக் கோடாகத் தெரியும்), ஒரு கோடும் வரவில்லை, 'விரிசல் இல்லை' என்றும் எழுதிவிட்டேன். மறுநாள் ஒரு மூத்தவர் வந்து அதே இடத்தில் வால்நட் ஓட்டுத் தூளை மெதுவாக அடித்துவிட்டுப் பார்த்தால், கட்டைவிரல் அகலத்துக்குள் பத்துப் பன்னிரண்டு கறுப்புக் கோடுகள், எல்லாம் குழாயின் நீளவாக்கில்! பிரஷ் உலோகத்தை இழுத்து விரிசலின் வாயைப் பூசிவிட்டிருந்தது. பொடி இரும்புக் குண்டுகளை அடித்துச் சுத்தம் செய்தாலும் வாய் நசுங்கி மூடிக்கொள்ளும். அதிலிருந்து ஓட்டுத் தூள்தான் என் கட்சி, நேரம் கூடுதலாகப் பிடித்தாலும் பரவாயில்லை.

அப்புறம் வெள்ளை பெயிண்ட், மெல்லிசாக. ஏசி யோக் (மாறுமின்சாரத்தில் வேலை செய்யும் இரண்டு கால் கைக்காந்தம்) 4.5 கிலோ இரும்புக் கட்டையைத் தூக்குகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் இரண்டு கால்களையும் குழாயின் சுற்றளவு வாக்கில் வையுங்கள். காந்தப்புலம் விரிசலுக்குக் குறுக்கே ஓடினால்தான் கோடு தெரியும். சுவிட்ச் அழுத்தியிருக்கும்போதே கறுப்பு மையைத் தெளிக்க வேண்டும். பிறகு யோக்கை 90 டிகிரி திருப்பி இன்னொரு முறை. நீளவாட்டு வெல்டின் ஓரத்தில் டேப் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டு நிற்கும், ஈரம் தங்குவது அந்தச் சந்தில்தான், ஆகவே அங்கே அவசரப்படாதீர்கள்.

பிறகு சேர்த்தது: "எம்எஃப்எல் பிக் ஓட்டியாச்சு, ஒன்றும் காட்டவில்லையே, எதற்குத் தோண்டணும்?" என்று கேட்கிறார்கள். எம்எஃப்எல் பிக் என்பது குழாய்க்குள்ளேயே ஓடிக் காந்தத்தால் சுவரைச் சோதிக்கும் கருவி. வழக்கமான எம்எஃப்எல் குழாயை நீளவாக்கில் காந்தமாக்கும். விரிசலும் அதே திசையில் படுத்திருப்பதால் கண்ணில் படாது. யோக்கைத் தப்பாக வைத்த அதே கதை. விரிசலுக்கென்றே ஓட்டுவதானால் ஈமேட் கருவியை (திரவம் இல்லாமலே காந்தத்தால் குழாய்ச் சுவரில் ஒலியலை எழுப்பிச் சோதிப்பது) கேளுங்கள், சாதாரண அல்ட்ராசானிக் பிக்குக்கு நடுவில் திரவம் வேண்டும், எரிவாயுக் குழாயில் அதற்கு எங்கே போவது.