எப்காட் உணவுத் திருவிழா: ரைடு முதலில், தட்டு பிறகு

ஃப்ளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டின் நான்கு தீம் பார்க்குகளில், சாப்பாட்டுக்காகவே ஒரு முழு நாளை ஒதுக்கத் தகுந்தது எப்காட்தான். அந்த நாள் வீணாவதும் சுலபம். காலையில் மெதுவாக வந்து, கண்ணில் பட்ட முதல் கடையில் காத்து நின்று, வயிறு நிறைந்தபின் சுழலும் ரைடில் ஏறி, மாலை முழுவதையும் பெஞ்சில் கழிப்பவர்கள் ஏராளம். செய்கிற முறையை மாற்றினாலே போதும். உடம்பைக் குலுக்கும் ரைடுகளைப் பதினொரு மணிக்குள் முடியுங்கள். பதினொன்றிலிருந்து நாலு வரை சாப்பாடு. அதற்குப் பிறகு படகுச் சவாரி, பாட்டு, வாணவேடிக்கை.

எந்த நாளில் போவது

எப்காட்டில் ஆண்டுக்கு நான்கு விழாக்கள் நடக்கின்றன. ஜனவரி, பிப்ரவரியில் கலை விழா. மார்ச் முதல் ஜூன் தொடக்கம் வரை மலர், தோட்ட விழா. கோடை முடியும் நேரத்தில் தொடங்கி நவம்பர் மூன்றாம் வாரம் வரை உணவு, ஒயின் விழா. அமெரிக்கர்களின் தேங்க்ஸ்கிவிங் நாளுக்கு மறுநாள் தொடங்கி டிசம்பர் 30 வரை நடப்பது ஃபெஸ்டிவல் ஆஃப் தி ஹாலிடேஸ் என்ற பண்டிகை விழா. நான்கிலும் உணவுக் கடைகள் உண்டு. பூங்கா டிக்கெட்டே போதும், விழாவுக்கென்று தனிக் கட்டணம் கிடையாது. தேதிகள் ஆண்டுதோறும் சற்று நகரும் என்பதால் விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் டிஸ்னியின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

இதில் பலர் விழுகிற பள்ளம் ஒன்று இருக்கிறது. தேங்க்ஸ்கிவிங் என்பது நவம்பரின் நாலாவது வியாழன். அந்த வார விடுமுறையை நம்பித் திங்கள், செவ்வாயில் போய் இறங்கினால் உணவு விழா அதற்கு முந்தைய வார இறுதியோடு முடிந்திருக்கும். பண்டிகை விழா வெள்ளியன்றுதான் தொடங்கும். கூட்டம் உச்சத்தில் இருக்கும், கடைகள் மூடியிருக்கும்.

கிழமையும் முக்கியம். ஆண்டு பாஸ் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்கள் வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு இரவு வரை சாப்பிடவே வருகிறார்கள். ஆகவே திங்கள் முதல் வியாழன் வரை நல்லது. ஆனால் பக்கத்துப் பூங்காவான மேஜிக் கிங்டமில் அன்று ஹாலோவீன் அல்லது கிறிஸ்துமஸ் பார்ட்டி உண்டா என்றும் பாருங்கள். அந்தப் பார்ட்டிகளுக்குத் தனி டிக்கெட். பார்ட்டி நாட்களில் மேஜிக் கிங்டம் மற்றவர்களுக்கு மாலை ஆறு மணிக்கே மூடிவிடும். அங்கிருந்து வெளியேறுபவர்களில் ஒரு பகுதியினர் எப்காட்டுக்கு வருவதால் இங்கே மாலைக் கூட்டம் கூடும். பார்ட்டி இல்லாத ஒரு புதன்கிழமை அமைந்தால் விடாதீர்கள்.

பதினொரு மணிக்கு முன்

எப்காட் இரண்டு பாதியாக அமைந்தது. முன்பாதியில் ஸ்பேஸ்ஷிப் எர்த் என்ற பெரிய கோளமும் முக்கிய ரைடுகளும் இருக்கின்றன. பின்பாதியான வேர்ல்டு ஷோகேஸில் ஒரு ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் அரங்குகள். ஏரியை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 1.2 மைல், அதாவது 1.9 கிலோமீட்டர். பூங்கா காலையில் திறந்தாலும் பின்பாதியின் பெரும்பகுதியும் விழாக் கடைகளும் வழக்கமாகப் பதினொரு மணிக்குத்தான் திறக்கும். இந்த இடைவெளிதான் ரைடுகளுக்கான நேரம்.

அறிவிக்கப்பட்ட நேரத்துக்கு முக்கால் மணி முன்பே வாசலில் இருங்கள். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களை அரை மணி முன்னதாக உள்ளே விடுவார்கள். நேராக கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி: காஸ்மிக் ரீவைண்டுக்கு நடங்கள். 2022-இல் திறந்த இந்த உள்ளரங்கு ரோலர் கோஸ்டர் பின்னோக்கிப் பாய்ந்து கிளம்பும். ஓடும்போதே பெட்டிகள் திரும்பிக்கொண்டிருக்கும். இருட்டில் சுழல்வதால் கோஸ்டர் பழகியவர்களுக்கே தலை சுற்றலாம். இட்லியோ பர்கரோ, எதைத் தின்றுவிட்டும் இதில் ஏறாதீர்கள். வெறும் வயிறும் வேண்டாம், இரண்டு பிஸ்கட்டும் தண்ணீரும் போதும். மிஷன் ஸ்பேஸ் ரைடின் ஆரஞ்சு பிரிவும் இதே ரகம்: அது உண்மையிலேயே ஒரு மையவிலக்குச் சுழலி. அதன் பச்சைப் பிரிவு சுழலாது.

அடுத்தது பக்கத்திலேயே உள்ள டெஸ்ட் டிராக் கார் ரைடு. அதன் கடைசிப் பகுதி திறந்தவெளியில் ஓடுவதால் இடி, மின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள். கோடையிலும் செப்டம்பரிலும் ஃப்ளோரிடா மழை பிற்பகலில்தான் கொட்டும். காலையிலேயே முடித்துக்கொள்ள இது இன்னொரு காரணம். நேரம் மிஞ்சினால், பறப்பதுபோல உணரவைக்கும் சோரின்.

குழந்தைகளோடு போகிறவர்கள் உயரத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். காஸ்மிக் ரீவைண்டுக்கு 42 அங்குலம் (107 செ.மீ.), டெஸ்ட் டிராக்குக்கும் சோரினுக்கும் 40 அங்குலம் (102 செ.மீ.), மிஷன் ஸ்பேஸ் ஆரஞ்சுக்கு 44 அங்குலம் (112 செ.மீ.). உயரம் போதாத குழந்தை இருந்தால் நுழைவாயிலில் நிற்கும் ஊழியரிடம் ரைடர் ஸ்விட்ச் கேளுங்கள். ஒருவர் ஏறும்போது மற்றவர் குழந்தையோடு வெளியே இருப்பார். முதலாமவர் வந்ததும் இவர் லைட்னிங் லேன் என்ற விரைவு வரிசை வழியாக உள்ளே போகலாம், மறுபடி முழு நேரம் காத்து நிற்கத் தேவையில்லை. கூட்டத்தில் நின்று தீர்ந்தபின் கேட்டால் கிடைக்காது, முதலிலேயே சொல்ல வேண்டும்.

லைட்னிங் லேனுக்குக் காசு கொடுக்கலாமா? டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் ஏழு நாள் முன்பும் மற்றவர்கள் மூன்று நாள் முன்பும் காலை ஏழு மணிக்குப் பதிவு செய்யலாம். விலை நாளுக்கு நாள் மாறும். விழாக்கால வார நாளில் காலையிலேயே வந்துவிட்டால், பல ரைடுகளுக்குச் சேர்த்து வாங்கும் மல்டி பாஸ் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. அந்தப் பணம் நாலைந்து தட்டுகளுக்கு ஆகும். டிசம்பர் கடைசி வாரம் மட்டும் விதிவிலக்கு, அப்போது வாங்கிவிடுங்கள்.

கடைகளைச் சுற்றும் முறை

திருவிழாவின் உயிர் இங்கேதான். பதினொரு மணிக்குக் கூட்டம் முன்பாதியிலிருந்து ஏரிக்கரைக்கு வரும்; இடப்பக்கம் மெக்சிகோவிலும் வலப்பக்கம் கனடாவிலும் உள்ள முதல் கடைகளில் அடைந்துவிடும். நீங்கள் அங்கே நிற்காமல் ஏரியின் மறுகரைக்குப் போய்விடுங்கள். அமெரிக்க அரங்கு, ஜப்பான், மொராக்கோ பக்கம் அடுத்த முக்கால் மணி நேரத்துக்குக் கூட்டம் இருக்காது. ஸ்கைலைனர் கேபிள் காரில் வருபவர்கள் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே உள்ள பின்வாசலான இன்டர்நேஷனல் கேட்வே வழியாக நுழைவதால் அவர்களுக்கு இது இன்னும் எளிது. ரெமி என்ற சமையல்கார எலியின் ரைடும் அந்த வாசலருகேதான், பிரான்ஸ் அரங்கில்.

வாசலில் இலவசமாகக் கிடைக்கும் விழா பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுங்கள். எல்லாக் கடைகளின் பட்டியலும் அந்தச் சிறு புத்தகத்தில் இருக்கும். ஒவ்வொரு தட்டும் மூன்று நான்கு வாய்க்குத்தான் வரும், பெரும்பாலும் 5 முதல் 10 டாலர் வரை. இரண்டு பேருக்கு நாள் முழுவதற்கும் எட்டுத் தட்டு தாராளம். முதல் மூன்று கடைகளில் ஆளுக்கொரு தட்டு வாங்குபவர்கள் நாலாவது கடையில் நின்றுவிடுகிறார்கள். ஒரு தட்டு, இரண்டு முள்கரண்டி என்று கேட்டு வாங்குங்கள். செலவு கைமீறிப் போகிறது என்றால் ஒரு தொகையை டிஸ்னி கிஃப்ட் கார்டில் போட்டு அதில் மட்டும் செலவிடுங்கள்.

கடையில் இரண்டு ஜன்னல்கள் இருக்கும். ஒன்றில் பணம் கட்டி ரசீது வாங்கி, இன்னொன்றில் ரசீதைக் காட்டித் தட்டு வாங்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு கடைகள் இருந்தால் ஆளுக்கொரு கடையில் நில்லுங்கள், காத்திருப்பு பாதியாகும். வறுத்தவற்றையும் பாலாடைக்கட்டி உருகியவற்றையும் வாங்கிய இடத்திலேயே சாப்பிட்டுவிட வேண்டும்; நாற்காலி தேடி அலையும் ஐந்து நிமிடத்தில் அவை கெட்டியாகிவிடும். உயரமான மேசைகள் போதாதபோது வழக்கமாக வருபவர்கள் குப்பைத்தொட்டிகளின் தட்டையான மேல்மூடியையே மேசையாக்கிக்கொள்வார்கள். அங்கே அது சகஜம், கூச்சம் வேண்டாம்.

மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் பாஸ்போர்ட் அசலாக இருக்க வேண்டும். போனில் உள்ள படம் செல்லாது. குடிநீருக்குக் காசு தராதீர்கள். கவுன்டர் உணவகங்களில் கேட்டால் ஐஸ் தண்ணீரைக் கோப்பையில் இலவசமாகத் தருவார்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு

பட்டியலில் இலைக் குறி உள்ளவை தாவர உணவு. டிஸ்னியின் கணக்கில் இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் இல்லாதது என்று பொருள். குறி இல்லாதது எல்லாம் அசைவம் என்றும் சொல்ல முடியாது: பால், பாலாடைக்கட்டி சேர்ந்த சைவத் தட்டுகள் குறியில்லாமலே இருக்கும். பெயரில் காய்கறி மட்டும் இருப்பதை நம்பி வாங்குவதுதான் ஆபத்து. சூப்பில் கோழி எலும்புச் சாறு, ஆசியத் தட்டில் மீன் சாஸ், மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கக்கூடும். பணம் கட்டுமுன் இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "இது வெஜிடேரியனா?" என்று மட்டும் கேட்டால் இறைச்சித் துண்டு இல்லை என்ற அளவில் பதில் வரலாம். ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லி, பொருட்களின் பட்டியலைக் காட்டச் சொல்ல வேண்டும்.

வெளியிலிருந்து உணவு கொண்டுபோகவும் அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரம், மது, உதிரி ஐஸ், உலர் ஐஸ் கூடாது. பை 24 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும். சிறு பிள்ளைகள் விழாத் தட்டுகளைத் தொடவே மறுப்பதுண்டு. அவர்களுக்கு ஒரு டப்பா சாப்பாடு பையில் இருக்கட்டும்.

முத்திரை விளையாட்டு

பண்டிகை விழாவில் ஹாலிடே குக்கி ஸ்ட்ரோல், உணவு விழாவில் எமிலின் சீஸ் வேட்டை. இரண்டுக்கும் ஒரே விதி: விழா பாஸ்போர்ட்டில் குறித்த கடைகளில் ஐந்தில் குறித்த பொருளை வாங்கி ஐந்து முத்திரை சேர்த்தால் முடிவில் ஒரு பரிசு. வாங்கும்போதே முத்திரையைக் கேட்டு வாங்குங்கள், பிறகு திரும்பிப் போய்க் கேட்பது வீண் நடை. ஐந்து குக்கிகளை ஒரே நாளில் தின்றால் திகட்டிவிடும். மூடியுள்ள தட்டையான டப்பா ஒன்றைக் கொண்டுபோனால் உடையாமல் அறைக்கு எடுத்துப் போகலாம். சீஸுக்கு அந்த வசதி இல்லை.

மழையும் வெயிலும்

இடி கேட்டதும் எல்லோரும் கடைக் கூரைகளின் கீழ் ஒதுங்குவார்கள். நீங்கள் மெக்சிகோ பிரமிடுக்குள் போங்கள்: உள்ளே ஏசி, மெதுவான படகுச் சவாரியும் உண்டு. அமெரிக்க அரங்கின் மேடை நிகழ்ச்சி அரைமணி நேரம் ஓடும், உட்கார்ந்து பார்க்கலாம். முன்பாதியில் என்றால் லிவிங் வித் தி லேண்ட். பசுமைக்குடில்களின் ஊடே படகில் போவது. டிசம்பரில் அந்தக் குடில்களுக்கு விளக்கலங்காரம் செய்வார்கள், இருட்டியபின் போனால் அழகு இரட்டிப்பு. சாப்பிட்ட வயிற்றுக்கு இந்த மூன்றும் ஒத்துவரும். மின்னலின்போது ஸ்கைலைனரும் நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள். டிசம்பர் இரவில் ஏரிக்காற்று குளிரும், ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

மாலை

பண்டிகைக் காலத்தில் தவறவிடக்கூடாதது கேண்டில்லைட் புரொசெஷனல். இயேசு பிறப்பின் கதையை ஒரு பிரபலம் வாசிக்க, ஐம்பது பேர் கொண்ட இசைக்குழுவும் பெரிய பாடகர் குழுவும் இசைக்கும் நிகழ்ச்சி. 1958-இல் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் தொடங்கியது. 1994 முதல் எப்காட்டில் நடக்கிறது. இரவுக்கு மூன்று காட்சிகள், டிக்கெட்டுக்குள் அடக்கம். இருக்கை உறுதியாக வேண்டுமென்றால் உணவகத்தோடு சேர்ந்த டைனிங் பேக்கேஜ் வாங்க வேண்டும், அது சீக்கிரம் தீரும். வாங்காதவர்கள் கடைசிக் காட்சிக்குப் போவதே மேல்: குழந்தைகளோடு வந்தவர்கள் அதற்குள் கிளம்பியிருப்பார்கள். ஆனால் கடைசிக் காட்சிக்கும் லூமினஸ் வாணவேடிக்கைக்கும் நேரம் மோதுகிறதா என்று அன்றைய அட்டவணையில் பாருங்கள். மோதினால் நடுக் காட்சிக்கு மாறிக்கொள்ளுங்கள். உணவு விழா மாதங்களில் இதே மேடையில் ஈட் டு தி பீட் இசைக்கச்சேரி நடக்கும்.

லூமினஸ் ஏரியின் நடுவிலிருந்து கிளம்புவதால் கரையில் எங்கு நின்றாலும் தெரியும். புகை எந்தப் பக்கம் போகிறது என்று கொடிகளைப் பார்த்துக் காற்று வீசிவரும் பக்கமாக நில்லுங்கள். முன்வாசல் வழியாகப் போகிறவர்கள் மெக்சிகோ, கனடா ஓரத்தில் நின்றால் முடிந்ததும் நடை குறைவு. ஸ்கைலைனர்க்காரர்களுக்கு பிரான்ஸ், இங்கிலாந்து ஓரம். முடிந்த கணமே ஓடாதீர்கள். இருபது நிமிடம் ஸ்பேஸ்ஷிப் எர்த் விளக்குகளின் கீழ் உட்கார்ந்துவிட்டுப் போனால் பஸ், மோனோரயில் நெரிசல் பாதி வடிந்திருக்கும். காரில் வந்தவர்கள் காலையில் நிறுத்திய வரிசையின் பெயரையும் எண்ணையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் இருட்டில் தேட வேண்டியதில்லை.