ஐந்து நொட் வேகத்தில் படகை நேராக ஓட்டுவது எப்படி? (கைப்பிடி எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு)

நோர்வேயில் சின்னப் படகு வாங்கும் நம்மவர்கள் பலர் முதல் கோடையிலேயே கேட்கும் கேள்வி இது. ஃபியோர்டில் விரைவாகப் போகும்போது படகு சொன்னபடி கேட்கிறது. துறைமுக வாசலில் "5" என்று எழுதிய பலகையைக் கண்டு வேகத்தைக் குறைத்தால், அணியம் (படகின் முன்முனை) இடமும் வலமுமாக அலையத் தொடங்குகிறது. ஐந்து நொட் என்றால் மணிக்கு ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். அந்த வேகத்தில் இரண்டு பக்கமும் விலையுயர்ந்த படகுகள் கட்டியிருக்கும் சந்துக்குள் ஆடி ஆடிப் போவது யாருக்கும் பிடிக்காது.

நான் இங்கே சொல்வது 14 அடி பிளாஸ்டிக் படகு, 9.9 குதிரைவலு வெளியிணைப்பு எஞ்சின், கையால் பிடித்துத் திருப்பும் வகை. 1980 தொடக்கம் பிறந்தவர்களுக்குப் படகோட்டிச் சான்றிதழ் கட்டாயம் என்றாலும், அது 8 மீற்றருக்கு மேற்பட்ட அல்லது 25 குதிரைவலுவுக்கு மேற்பட்ட படகுகளுக்குத்தான். அதனால் இந்த அளவுப் படகை எந்தப் பயிற்சியும் இல்லாமலே பலர் வாங்கிவிடுகிறார்கள். உயிர்காப்பு அங்கி, எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு இரண்டும் உடம்பில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படகு ஏன் அலைகிறது? வேகத்தில் நீர்மேல் எழும்பி ஓடுவதற்காக இவற்றின் அடிப்பகுதியைப் பின்பக்கம் கிட்டத்தட்டத் தட்டையாகச் செய்திருக்கிறார்கள். பக்கவாட்டில் வழுக்காமல் பிடித்து நிறுத்த ஆழமான அடிக்கட்டை கிடையாது. தனிச் சுக்கானும் இல்லை. புரொப்பெல்லர் பின்னால் தள்ளும் தண்ணீர்தான் படகைத் திருப்புகிறது. விசையைக் குறைத்தால் அந்தத் தண்ணீரும் குறையும், திருப்பும் வலுவும் குறையும்.

1. பாரத்தை முன்னே நகர்த்துங்கள்

ஓட்டுபவர் பின்னால், எண்ணெய்த் தாங்கி பின்னால், நங்கூரமும் பின்னால் என்றால் அணியம் தூக்கிக்கொண்டு நிற்கும். சின்னக் காற்றுக்கூட அதைத் தள்ளிவிடும். தாங்கியைக் குழாய் எட்டும் வரை முன்னே வையுங்கள். கூட வருபவரை நடு இருக்கைக்கு முன்னால் இருத்துங்கள். பாதிப் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும்.

2. எஞ்சின் சாய்வு

எஞ்சினைப் படகில் பொருத்தும் சட்டத்தில் வரிசையாகத் துளைகளும், அதில் குத்தி வைக்கும் ஓர் ஆணியும் இருக்கும். எஞ்சின் படகோடு ஒட்டி நிற்கும் துளையிலோ அதற்கு அடுத்ததிலோ ஆணியை வைத்துப் பாருங்கள். அணியம் தாழ்ந்து தண்ணீரைப் பிடிக்கும். பின்னாலிருந்து அலை வரும் நாளில் மட்டும் ஒரு துளை வெளியே எடுங்கள். அணியம் அதிகம் புதைந்தால் அலை பின்பக்கத்தைச் சுழற்றப் பார்க்கும்.

3. இறுக்கம்

எஞ்சின் திரும்பும் அச்சில் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகோ நெம்போ உண்டு. கைப்பிடியை விட்டால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், இரண்டு விரலால் தள்ளினால் அசைய வேண்டும். முழுதாக இறுக்கிப் பூட்டிவிடாதீர்கள்.

4. கை

நான் மிக அதிகமாக மினக்கெட்டது இதில்தான், ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கைப்பிடியைத் தள்ளும் திசைக்கு எதிராகத்தான் அணியம் திரும்பும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பதற்றத்தில் அதை யோசிக்க நேரமிராது. இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: அணியம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, கைப்பிடியையும் அந்தப் பக்கமே தள்ளுங்கள். வலப்பக்கம் விலகினால் கைப்பிடியும் வலப்பக்கம்.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. கைப்பிடியை அசைத்ததும் முதலில் பின்பக்கம் வழுக்கும். அணியம் திரும்புவது ஓரிரு நொடி கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த இடைவெளியில் "இன்னும் திரும்பவில்லையே" என்று மேலும் தள்ளுகிறோம். திரும்பத் தொடங்கியபின் படகு தன் வேகத்திலேயே நேர்க்கோட்டைத் தாண்டிப் போய்விடும். அதைப் பிடிக்க மறுபக்கம் இன்னும் பெரிதாகத் தள்ளுகிறோம். படகில் பாதி ஆட்டம் இப்படி நம் கையிலிருந்து வருவதுதான்.

ஆகவே மூன்று விரல் அகலம் தள்ளுங்கள். நிறுத்துங்கள். காத்திருங்கள். அணியம் அசையத் தொடங்கிய கணமே கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இலக்கை அடையும் வரை பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. கண் அணியத்தில் இருந்தால் இது வராது, தூரத்தில் ஒரு கம்பத்தையோ வீட்டுக் கூரையையோ பாருங்கள். இன்னும் நல்லது, கரையில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு அடையாளங்களை நேர்க்கோட்டில் வைத்துப் போவது. பக்கக் காற்று தள்ளினால் அவை ஒன்றை விட்டு ஒன்று விலகுவது உடனே தெரியும். ஊரில் வலை விட்ட இடத்தைக் கரை அடையாளம் வைத்துக் கண்டுபிடிப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே தேவையில்லை.

5. கியர்

மிகக் குறைந்த விசையிலும் படகு வேகமாகப் போகிறதென்றால் முன் கியர், நடுநிலை, மறுபடி முன் கியர் என்று விட்டு விட்டுப் போங்கள். நடுநிலையில் திருப்பும் வலு கிட்டத்தட்ட இல்லை. ஆகவே முதலில் கைப்பிடியைத் திருப்பி வைத்து, பிறகு கியரைப் போடுங்கள். மெல்ல மெல்ல இழுக்காமல் ஒரே அசைவில் "டக்" என்று போட வேண்டும். பயந்து மெதுவாகப் போடுவதுதான் கியர்ப் பற்களைத் தேய்க்கும்.

படகுத்துறையில் கட்டப் போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், காற்றே பிரேக் பிடித்துத் தரும்.

எதை வாங்கலாம்?

எஞ்சினில் பூட்டும் இறக்கைத் தகடுகளைப் பலர் பரிந்துரைப்பார்கள். படகு விரைவாக மேலெழும்ப அவை உதவலாம், ஐந்து நொட்டுக்காகப் புதிய எஞ்சினில் துளை போட நான் தயாரில்லை. அந்தக் காசுக்குக் கைப்பிடியை நீளமாக்கும் இணைப்பு ஒன்றை வாங்குங்கள். ஓட்டுபவரே நடுவில் இருக்கலாம், முதலாவது படி தானாக நடந்துவிடும். சிவப்புக் கயிறு அங்கிருந்தும் எட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: இதை வாசித்த ஒருவர், பின் கியர் போட்டால் எஞ்சின் தண்ணீரைவிட்டு மேலே எழும்புகிறது என்று எழுதியிருந்தார். எஞ்சினைச் சரிக்க உதவும் நெம்பு பூட்டு நிலையில் இல்லை என்பதுதான் காரணம். ஆழம் குறைந்த இடத்துக்காக எஞ்சினைச் சற்றுத் தூக்கி வைத்துவிட்டு மறந்தாலும் இதே கதைதான்.

இன்னொன்று: ஸ்டியரிங் வளையம் உள்ள படகு என்றால் மூன்றாவது படிக்குப் பதிலாக, எஞ்சின் அசையாமல் வளையம் எவ்வளவு சும்மா சுற்றுகிறது என்று பாருங்கள். அந்தத் தளர்ச்சி அதிகமென்றால் கை எவ்வளவு பழகினாலும் பயனில்லை, கேபிளைப் பார்க்கக் கொடுங்கள். புரொப்பெல்லருக்கு மேலே உள்ள சின்னத் துடுப்பைத் திருப்பினால் சரிவருமா என்றும் கேட்டிருந்தார்கள். வேகத்தில் ஒரே பக்கமாக இழுப்பதைத் திருத்தத்தான் அது. மெதுவாகப் போகையில் அதனால் வித்தியாசம் தெரியாது.