ஸ்கேட்டிங் முடிவைப் பார்த்துக் கொதிப்பதற்கு முன்: ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு பெரிய போட்டி முடிந்ததும் புதிதாக வரும் ஃபிகர் ஸ்கேட்டிங் ரசிகர்கள் மதிப்பெண் பற்றிய அதே சண்டையை முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஜம்ப் பெயர்கள் குழம்புவதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, பார்க்கப் பார்க்கப் பழகிவிடும். தானாகச் சரியாகாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

விழுந்தவர் ஜெயிக்கக் கூடாது என்பது

நாலு சுற்று டோ லூப் என்ற ஜம்ப்பின் அடிப்படை மதிப்பு 9.50. முழுசாகச் சுற்றிவிட்டு விழுந்தால் தர மதிப்பெண் (எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதற்கு நடுவர்கள் போடுவது) -5 விழும், அது அடிப்படை மதிப்பில் பாதியைக் குறைத்துவிடும், மிச்சம் 4.75. விழுந்ததற்குத் தனியாக 1 கழித்தால் 3.75. சுத்தமாக இறங்கும் டபுள் ஆக்சல் ஜம்ப்புக்கு அடிப்படை மதிப்பு 3.30தான். கணக்கு பிடிக்கவில்லையா, விதியைத் திட்டுங்கள் (நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன்), நடுவரை விட்டுவிடுங்கள்.

அதிகபட்சம் ஆறு மதிப்பெண் போட்ட பழைய 6.0 முறைதான் நியாயம் என்பது

2002, சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக், ஜோடிப் பிரிவு. அந்த முறையில் நடுவர் முறைகேட்டுப் புகார் எழுந்து, இரண்டாவதாக ஒரு தங்கம் கொடுக்க வேண்டி வந்தது. அவ்வளவுதான்.

டெக்னிக்கல் என்றால் கணக்கு, மற்றது இஷ்டம் என்பது

இதைக் கேட்டால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். "கலைக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணைத் தூக்கிவிட்டு ஜம்ப்பை மட்டும் எண்ணுங்கள், மோசடியே இருக்காது" என்கிறார்கள். ஜம்ப்பை எண்ணுவது யார்? மூன்று பேர் கொண்ட டெக்னிக்கல் குழு வீடியோவை ஓட்டிப் பார்த்து, பிளேடு ஐஸைத் தொடும்போது சுற்றில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறதா என்று கண்ணால்தான் முடிவு செய்கிறது. குறைந்தால் அந்த 9.50 சட்டென்று 7.60 ஆகிவிடும், அரைச் சுற்றே குறைந்தால் ட்ரிபிளாகக் கணக்கிட்டு 4.20. அதற்கு மேல் -5 முதல் +5 வரை தரம் போடுவதும் நடுவர்கள்தான். இன்னொரு பக்கம், கலை கலை என்று நாம் சொல்லும் மூன்று காம்போனென்ட் மதிப்பெண்களில் ஒன்று ஸ்கேட்டிங் திறன்: வேகம், எட்ஜ் (பிளேடின் விளிம்பு) ஆழம், ஒற்றைக் காலில் திசை மாறும் லாகவம். இதைத்தான் இருப்பதிலேயே தெளிவாகக் கண்ணால் பார்க்க முடியும்.

2014 சோச்சி ஒலிம்பிக் மகளிர் பிரிவு பற்றி ஒருவர் என்னோடு விடிய விடிய வாதாடினார். வெள்ளியோடு திரும்பிய தென்கொரியாவின் யூனா கிம்மை வீழ்த்தியது காம்போனென்ட் மதிப்பெண்தானாம். மனிதர் புரோட்டோகால் தாளை, அதாவது விரிவான மதிப்பெண் பட்டியலை, திறந்துகூடப் பார்க்கவில்லை. ஃப்ரீ ஸ்கேட்டில் (இரண்டாவதாக வரும் நீளமான நிகழ்ச்சி) கிம்முக்குக் காம்போனென்ட் 74.50, தங்கம் வென்ற ரஷ்யாவின் அடெலினா சோட்னிகோவாவுக்கு 74.41. கிம்தான் மேலே! டெக்னிக்கலில் கிம்மின் 69.69க்கு எதிராக சோட்னிகோவாவுக்கு 75.54. அந்த 5.85 இடைவெளியில் 3.94 அடிப்படை மதிப்பிலேயே வந்தது, அதாவது சோட்னிகோவாவின் நிகழ்ச்சியே கடினமாகத் திட்டமிடப்பட்டிருந்தது. மிச்சம் 1.91 தர மதிப்பெண்.

அப்படியானால் புகாரே இல்லையா? இருக்கிறது. கிம்மின் ஸ்கேட்டிங்குக்கும் சோட்னிகோவாவின் ஸ்கேட்டிங்குக்கும் வெறும் 0.09தான் வித்தியாசமா? என் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. சண்டை போட வேண்டிய இடம் அது. 'மொத்தமும் மோசடி' என்று கத்துகிறவர் அந்த இடத்துக்கு வந்து சேரவே மாட்டார், கத்தலைக் கேட்ட மற்றவர்களும் ரசிகர்கள் எப்போதும் இப்படித்தான் என்று போய்விடுவார்கள்.

விதியைப் பயன்படுத்தியவரை ஏமாற்றுக்காரர் என்பது

2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில் அலினா ஸகிடோவா, இரண்டாம் பாதி ஜம்ப்களுக்கு அப்போது கிடைத்த 10% போனஸுக்காக எல்லா ஜம்ப்களையும் இரண்டாம் பாதியில் வைத்தார். ஃப்ரீ ஸ்கேட்டில் அவரும் வெள்ளி வென்ற மெத்வெதேவாவும் சரிசமமாக 156.65, முதலில் நடக்கும் ஷார்ட் நிகழ்ச்சியில் இருந்த 1.31 முன்னிலைதான் தங்கம். அந்த நிகழ்ச்சியின் முன்பாதி எனக்குக் காலியாகத்தான் பட்டது. அதற்காகத் தங்கம் அவருடையது இல்லை என்று ஆகிவிடுமா? அதன்பிறகு போனஸை ஃப்ரீயில் கடைசி மூன்று ஜம்ப்களுக்கும் ஷார்ட்டில் கடைசி ஒன்றுக்கும் என்று சுருக்கிவிட்டார்கள்.

அந்தக் கால மதிப்பெண்ணையும் இன்றையதையும் ஒப்பிடுவது

வேண்டாம். 2018 சீசன் மாற்றம் வரை தர மதிப்பெண் -3 முதல் +3 வரைதான்.